1483-இல் நிறுத்தி வைத்த வீடு

எனக்கும் என் கணவருக்கும் நடுவில் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கு, எங்களுக்குச் சொந்தமே இல்லாத ஒரு வீட்டைப் பற்றியது. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஸ்டோன்கேட் தெருவிலிருந்து பிரியும் காஃபி யார்டு என்ற சந்துக்குள் இருக்கிறது அந்த வீடு. பெயர் பார்லி ஹால். அவர் கட்டுமானப் பொறியாளர். ஒரு பாழடைந்த வீட்டை இந்த அளவுக்கு அக்கறையாகத் தூக்கி நிறுத்திய வேலையைத் தான் பார்த்ததில்லை என்பது அவர் கட்சி. தூக்கி நிறுத்தவில்லை, புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், அப்படிக் கட்டுவதற்காக ஐந்நூறு வருட வாழ்க்கையை உரித்துப் போட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. விருந்தாளிகளை யார்க்குக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் இது கிளம்பும். அவர்கள் பாவம், கதீட்ரலைப் பார்த்துவிட்டு நல்ல டீ கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சந்து முனையில் நின்று உத்திரத்தின் வயதைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்போம்.

அந்தச் சந்து முனையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஸ்டோன்கேட் 33ஆம் எண் கட்டடத்தின் மூலையில், தலைக்கு மேலே, இடுப்பில் சங்கிலி கட்டிய ஒரு சிவப்புக் குட்டிப் பிசாசு உட்கார்ந்திருக்கும். அச்சகத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பையன்களுக்கு இங்கே பிசாசு என்றுதான் பட்டப்பெயர். அது அச்சுக்கூடத்தின் அடையாளச் சின்னம். இந்தச் சந்துக்குள்தான் 1719-இல் கிரேஸ் ஒயிட் என்ற பெண்மணி யார்க்கின் முதல் செய்தித்தாளான யார்க் மெர்க்குரியை அச்சிட்டார். காப்பிக்கடை, அச்சுக்கூடம், பத்திரிகை என்று ஒரு காலத்தில் ஊர் வம்பெல்லாம் புழங்கிய சந்து. அதைத் தாண்டி, தலையைக் குனிந்து தாழ்வான கூரைக்கு அடியில் நடந்தால் பார்லி ஹால் வந்துவிடும்.

வீட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருந்த நாஸ்டெல் மடத்துத் துறவிகள், யார்க்குக்கு வேலையாக வரும்போது தங்குவதற்காக 1360 வாக்கில் இதைக் கட்டினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இன்னொரு பகுதியைச் சேர்த்தார்கள். கொஞ்ச காலத்தில் மடத்துக்குப் பணமுடை போலிருக்கிறது, வெளியாளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அப்படி வந்தவர்தான் வில்லியம் ஸ்னாசெல். பொற்கொல்லர், நகரத்தின் மேயராகவும் இருந்தவர். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு வீடு கைமாறியது. பதினேழாம் நூற்றாண்டுக்குள் துண்டு துண்டாகத் தடுத்துச் சின்னக் குடித்தனங்கள் ஆயின. கடைசியாக ஒரு பிளம்பரின் பட்டறையாகவும் சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் கடையாகவும் இருந்தது. 1980களில் அலுவலகமும் குடியிருப்பும் கட்டுவதற்காக இடத்தை வாங்கியபோதுதான், காரைக்கும் செங்கலுக்கும் பின்னால் ஒரு முழு இடைக்கால வீட்டின் மரச்சட்டகம் ஒளிந்திருப்பது தெரிந்தது. யார்க் தொல்லியல் அறக்கட்டளை 1987-இல் வாங்கியது. பிற்காலத்தில் சேர்ந்ததையெல்லாம் அகற்றி, உளுத்த மரங்களுக்குப் பதில் புது ஓக் மரம் வைத்து, ஸ்னாசெல் குடும்பம் 1483 வாக்கில் வாழ்ந்த வீடாக ஆக்கி 1993-இல் திறந்தார்கள். பார்லி ஹால் என்ற பெயரும் அப்போது வைத்ததுதான், மாரிஸ் பார்லி என்ற தொல்லியல் பேராசிரியரின் நினைவாக. ஸ்னாசெலிடம் போய் பார்லி ஹால் எங்கே என்று கேட்டால் முழித்திருப்பார்.

உள்ளே போனால் அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. உயரமான கூடம். பச்சையும் மஞ்சளும் மாறி மாறிப் பளபளக்கும் தரை ஓடுகள். ஒரு சன்னலில் கண்ணாடிக்குப் பதில் மாட்டுக்கொம்பைப் பதப்படுத்தி மெல்லிய தகடுகளாக்கி அடைத்திருக்கிறார்கள். வெயில் பட்டால் அதன் வழியாகப் பழுப்புத் தேன் நிறத்தில் வெளிச்சம் வரும், ஆனால் வெளியே நிற்பவர் முகம் தெரியாது. இதையெல்லாம் தொடலாம், நாற்காலியில் உட்காரலாம். என் மகள் கூடத்தின் தலைமாட்டில் இருக்கும் பெரிய மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, எங்களை எதிரே நிற்கவைத்து அபராதம் விதித்துக்கொண்டிருந்தாள். இவர் மேலே பார்த்து, பழைய மரம் எங்கே முடிகிறது, புது மரம் எங்கே ஒட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. வீட்டில் எந்தப் படிக்கட்டும் எந்த மூலையும் யாரோ அவசரத்தில் செய்தது மாதிரி இல்லை. ஒரு வீட்டில் அறுநூறு வருடம் ஆட்கள் இருந்தார்கள் என்றால், யாராவது ஒருத்தர் எங்காவது ஒரு ஆணியைத் தப்பான இடத்தில் அடித்திருக்க வேண்டாமா?

அடுப்பு நகர்ந்த கதை

இங்கிலாந்தின் பழைய நகரத்து வீடுகளில் எனக்குப் பிடித்ததே அந்தத் தப்பான ஆணிகள்தான். கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் என் ஆற்றாமை புரியும்.

பதினான்காம் நூற்றாண்டுப் பணக்கார வீட்டின் நடுக்கூடத்துக்கு மாடி கிடையாது. தரையிலிருந்து கூரை வரை ஒரே வெளி. காரணம் எளியது. நடுத்தரையில்தான் நெருப்பு எரியும், புகை மேலே எழும்பிக் கூரையில் விட்ட திறப்பு வழியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு தளம் போட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். இன்றைக்கும் சில பழைய வீடுகளின் பரணில் ஏறி டார்ச் அடித்தால் கைமரங்கள் கரிப்பிடித்துக் கறுப்பாக இருப்பதைப் பார்க்கலாம். அந்த வீடு முதலில் திறந்த கூடமாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பதினாறாம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி வசதியானவர்கள் வீட்டுக்கெல்லாம் பரவியது. நெருப்பு நடுக்கூடத்தை விட்டு நகர்ந்து சுவரோரம் போனது. அங்கேதான் எல்லாம் ஆரம்பம். புகை இல்லையென்றால் அவ்வளவு உயரம் எதற்கு? குறுக்கே உத்திரம் போட்டுக் கூடத்தை இரண்டு அடுக்காக்கினார்கள். அடுக்கு வந்ததும் படிக்கட்டு வேண்டும், அதற்கு ஒரு மூலையை ஒதுக்க வேண்டும். ஒரே உயரமாக இருந்த சன்னல் இப்போது தளத்தின் குறுக்கே நின்றது. அதை அடைத்து மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. மேல் அறை குளிராமல் இருக்க உட்கூரை போட்டுக் காரை பூசினார்கள். கரி படிந்த கைமரங்கள் பல தலைமுறைக்குக் கண்ணில் படாமல் போயின. ஒரு அடுப்பை நகர்த்தியதில் ஒரு வீடே வேறு வீடாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குக் கை எட்டிய காசுக்கு ஒரு வேலை பார்த்தது, அந்த வேலையில் கிளம்பிய சிக்கலை அடுத்த தலைமுறை தீர்த்தது.

அப்புறம் வந்தது முகப்பு மோகம். பதினெட்டாம் நூற்றாண்டில் மரச்சட்டக வீடு என்றால் பட்டிக்காடு. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் செங்கல் சுவர் எழுப்பி, மேலும் கீழும் ஏற்றி இறக்கும் சன்னல்களை வரிசை பிசகாமல் வைத்து, செங்குத்தான பழைய கூரையை ஒரு கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். ஸ்டோன்கேட்டில் நின்று பார்த்தால் ஜார்ஜ் மன்னர் காலத்து வீடு. பக்கச் சந்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் இடைக்காலக் கூரை. வரிசையாக இருக்கும் அந்தச் சன்னல்களில் ஒன்றின் பின்னால் பழைய தூண் ஒன்று குறுக்கே நிற்கும், வெளிச்சமே வராது. அளவு பொருந்த வேண்டும் என்பதற்காக வைத்த சன்னல். இதற்கிடையில் 1696-இல் போட்ட சன்னல் வரி 1851 வரை நீடித்தது. அதனால் அடைத்த சன்னல்களும் உண்டு. ஆனால் கண்ணில் படும் ஒவ்வொரு அடைத்த சன்னலையும் காட்டி வரிக் கதை சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். வரிசை அழகுக்காகக் கட்டும்போதே வைத்த பொய்ச் சன்னல்கள் நிறைய.

இந்த அடுக்குகள்தான் பார்லி ஹாலிலிருந்து போனவை. அது எந்த அளவுக்குப் புது வீடு என்பது பற்றியும், பிற்காலப் பகுதிகளை இழந்தது சரியா என்பது பற்றியும் வேலை நடந்த காலத்திலேயே கேள்விகள் எழுந்தன. நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. 1877-இல் டூக்ஸ்பரி தேவாலயத்தைப் புதுப்பிக்க கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் திட்டம் போடுகிறார் என்று கேள்விப்பட்ட வில்லியம் மோரிஸ் என்ற எழுத்தாளர், பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அந்த வருடமே பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பழங்காலத்துக்குத் திருப்புகிறேன் என்று காரையைச் சுரண்டாதே, ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, அதோடு கையை எடு என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். அவர்களுக்குக் காரை சுரண்டுவதை எதிர்ப்பவர்கள் என்று கேலிப்பெயரே உண்டு. அந்த வாதம் எனக்கு வசதியாக இருந்தது. பல காலம் அதையே இவர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் அசரமாட்டார். "முட்டுக்கொடுன்னு சொல்றது சுலபம். தூணோட அடி உளுத்துப்போச்சுன்னா எதுக்கு மேல முட்டுக்கொடுப்ப? மரச்சட்டகம்னா ஒண்ணோட ஒண்ணு கோத்து நிக்கிறது. துளையில கழுந்தை இறக்கி, குறுக்கால மர ஆணி அடிச்சிருக்கான். ஒரு பொருத்து விட்டா அந்தப் பாரம் பக்கத்துப் பொருத்துக்குப் போகும், அதுவும் விடும். பிரிச்சு, மாத்தி, திரும்பப் பூட்டறதுதான் வேலை. அதைத்தான் பழைய தச்சனும் செஞ்சிருப்பான்." அதற்காகத்தான் அந்தக் காலத் தச்சர்கள் ஒவ்வொரு பொருத்திலும் உளியால் ரோமானிய எண் மாதிரிக் கீறல் போட்டு வைத்தார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார். பட்டறையில் செய்து, பிரித்து, வண்டியில் கொண்டுவந்து, கீறலுக்குக் கீறல் சேர்த்து நிறுத்துவார்கள். பச்சை ஓக்கில்தான் வேலை செய்வார்கள், அதுதான் உளிக்கு இசையும். நின்ற இடத்திலேயே பல வருடம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். பழைய வீடுகள் கோணலாக இருப்பதில் பாதி அதனால் வந்ததுதான். புது ஓக்கும் அப்படித்தான் முறுக்கும், இன்னும் இருநூறு வருடம் கழித்து வந்து பார், உனக்குப் பிடித்த கோணலெல்லாம் இருக்கும் என்பார்.

பொதுவழி

என் எண்ணத்தில் ஒரு முறிவு வந்தது வீட்டுக்குள் இல்லை, வெளியே. ஒரு நவம்பர் சாயங்காலம், அருங்காட்சியகத்தைப் பூட்டிவிட்டார்கள். மழைக்கு ஒதுங்கி அந்தச் சந்தில் நின்றிருந்தேன். பார்லி ஹாலின் கூடத்தைச் சந்திலிருந்தே பார்க்கலாம். அந்தப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் நீண்ட மேசையும் விரிப்பும் மங்கலாகத் தெரிந்தன. என் முதுகை உரசிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கையில் சிப்ஸ் பொட்டலம், வினிகர் வாசனை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். கிரேப் லேன் பக்கம் போகிறவர்களுக்கு இது குறுக்கு வழி. ஈரச் சுவரில் சாய்ந்தபடி அண்ணாந்து பார்த்தேன், தலைக்கு மேலே உத்திரங்கள் ஓடின. வெளிச்சந்துக்கு ஏன் உத்திரம்?

அப்போதுதான் உறைத்தது, நான் வீட்டுக்கு வெளியே நிற்கவில்லை. வீட்டுக்குள் நிற்கிறேன். இடைக்காலக் கூடத்தின் கால்மாட்டில், இரண்டு பக்கமும் கதவு வைத்து ஒரு நடைபாதை இருக்கும். அதற்கு ஒரு பக்கம் கூடம். மறு பக்கம் சாப்பாட்டுச் சாமானும் பீரும் வைக்கும் அறைகள். இரண்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. வேலைக்காரர்கள் தட்டை ஏந்திக்கொண்டு ஓடிய வழி. வீட்டைக் குடித்தனங்களாகப் பிரித்தபோது இந்த நடை யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. அக்கம்பக்கத்தார் குறுக்கே நடக்க ஆரம்பித்தார்கள், நடந்து நடந்து அது ஊருக்குச் சொந்தமான வழியாகிவிட்டது. 1483-ஐத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அடுக்குகளை எடுக்க முடிந்தது, தடுப்புகளைப் பிரிக்க முடிந்தது, தரை ஓட்டைப் புதிதாகச் சுட்டுப் பதிக்க முடிந்தது. இந்தப் பாதையை மட்டும் அவர்களால் வீட்டுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்னாசெலின் நடைபாதையில் இப்போதும் யார் வேண்டுமானாலும் போகலாம். கூடத்துக்கும் பாதைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு இருந்திருக்க வேண்டிய பக்கத்தில்தான் அந்தக் கண்ணாடி.

அந்த ஏழைக் குடித்தனக்காரர்களின் சுவர் ஒன்றுகூட மிச்சமில்லை, அவர்கள் நடந்த வழி மிச்சமிருக்கிறது. உள்ளே டிக்கெட் வாங்கிப் பார்த்தது ஒரு மேயரின் வீடு. வெளியே ஓசியில் நடந்தது மற்ற எல்லோருடைய வீடும். ஒரு வீட்டுக்கு ஏதோ ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் உண்மையில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஆள் எப்போதும் மேயராகவோ பொற்கொல்லராகவோதான் இருக்கிறார், ஒரு அறையில் ஏழு பேராகப் படுத்தவர்கள் அந்தப் போட்டிக்கே வருவதில்லை. 1483-ஐ எடுத்ததற்கு இன்னொரு வசதியும் உண்டு. மூன்றாம் ரிச்சர்ட் முடிசூடிய கையோடு யார்க்குக்கு வந்து, தன் மகனுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் கொடுத்த வருடம் அது. வட இங்கிலாந்துக்காரர்களுக்கு ரிச்சர்ட் என்றால் தனிப் பாசம். பிளம்பருக்கு எந்த ராஜா வந்தார்?

நாரிச்சில் ஒரு படிக்கட்டு

அதற்கு அடுத்த கோடையில் இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் நாரிச் நகரத்துக்குப் போனோம். அங்கே சேரிங் கிராஸ் தெருவில் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹால் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு வாசல் வழியாக உள்முற்றத்துக்குப் போனால்தான் வீடு. இதில் யாரும் எந்த வருடத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. கீழே நிலவறை 1320 வாக்கில் கட்டியது. வளைவான கல் விதானம், கோடையிலும் சில்லென்று இருக்கும். வியாபாரிகள் சரக்கு வைத்த இடம். மேலே பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கூடம். பதினாறாம் நூற்றாண்டில் வீட்டை வைத்திருந்த நிக்கலஸ் சதர்ட்டன் மளிகை வியாபாரி, 1539-இல் மேயர். அவர் கூடத்தை மேலும் ஆடம்பரமாக்கினார். சதர்ட்டன் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மேயர் காலத்தில், 1565-இல், நெசவுத் தொழில் நொடித்துக் கிடந்த ஊருக்கு டச்சு நெசவாளர் குடும்பங்களையும் பிரெஞ்சு பேசும் வல்லோன் நெசவாளர் குடும்பங்களையும் அனுமதி வாங்கி வரவழைத்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை அந்நியர்கள் என்றே அழைத்தார்கள். வீட்டுக்கும் பின்னாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூண்டில் கேனரிக் குருவி வளர்க்கும் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான் என்பார்கள். நாரிச் கால்பந்து அணிக்குக் கேனரிகள் என்று பெயர் வந்த வழி அது.

பதினேழாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வீடு பிரான்சிஸ் காக் கைக்கு வந்தது. இவரும் மளிகைக்காரர், இவரும் மேயர். அவருக்கு மாடிக்குப் போக நல்ல படிக்கட்டு வேண்டும். வீட்டில் இடமில்லை. கூடத்தின் ஒரு ஓரத்தையே வெட்டி, திருகிச் செதுக்கிய கனத்த மரக் கைப்பிடியோடு ஒரு படிக்கட்டை ஏற்றிவிட்டார். அதற்கு வெளிச்சம் வேண்டுமே என்று சுவரில் ஒரு பெரிய சன்னல். இருநூறு வருடப் பழைய கூடத்தின் அமைதியை ஒரு படிக்கட்டு வந்து கெடுத்துவிட்டது என்று அன்றைக்கு இருந்த மோரிஸ் யாராவது புலம்பியிருக்கலாம். இன்றைக்கு அந்த வீட்டில் நான் அதிக நேரம் நின்றது அந்தப் படிக்கட்டில்தான். ஒரு படியில் நின்றால் கண்ணுக்கு நேரே மத்தியகாலக் கூரையின் மரங்கள். கையில் பதினேழாம் நூற்றாண்டுக் கைப்பிடி. ஏறித் திரும்பினால் சாப்பாட்டு அறை பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறது. இன்னொரு அறையின் கணப்பில் ஜோசப் பெய்ன் என்ற காலுறை வியாபாரி தன் பெயரெழுத்தையும் 1659 என்ற வருடத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார். அடுத்த வருடம் அவரும் மேயர். இந்த ஊரில் மேயராகாதவர்களுக்கு இந்த வீட்டை விற்கவே மாட்டார்கள் போல.

என் மகளுக்கு அங்கே பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் சம்பந்தமில்லை, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றாள். இதை நான் சும்மா தள்ளிவிட முடியாது. பார்லி ஹாலில் இரண்டு நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், நெருப்பு எங்கே, சாப்பாடு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று. ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹாலில் புரிய வேண்டுமென்றால் முதலிலேயே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கடுக்காக விட்டுவைப்பது தெரிந்தவர்களுக்கான விருந்து, அதில் ஒரு மேட்டிமை இருக்கத்தான் செய்கிறது.

ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹாலும் தானாகப் பிழைத்த வீடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆளில்லாமல் கிடந்து இடிபடும் நிலைக்கு வந்தது. லெனர்ட் பொலிங்புரோக் என்ற உள்ளூர் வழக்கறிஞர் 1899-இல் தன் காசில் வாங்கி, தான் சேர்த்து வைத்த பழம்பொருள்களை நிரப்பி, 1900-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். 1922-இல் நகரத்துக்கே கொடுத்துவிட்டார். அவரிடம் ஒரு பெரிய அமைப்பின் பணமோ ஆராய்ச்சிக் குழுவோ இருந்திருந்தால் காக்கின் படிக்கட்டைக் கழற்றியிருப்பாரோ என்னவோ. காசு அளவாக இருந்ததும் அந்த வீட்டின் அதிர்ஷ்டங்களில் ஒன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நடன அரங்கை ஏன் விட்டாய்?

என் கணவர் என்னை மடக்குவது மூன்றாவதாக ஒரு வீட்டை வைத்து. யார்க்கிலேயே காசில்கேட்டில் ஃபேர்ஃபாக்ஸ் ஹவுஸ். ஃபேர்ஃபாக்ஸ் பிரபு தன் மகள் ஆனுக்காக ஜான் கார் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1762-இல் உள்ளே முழுக்க மாற்றியமைத்த வீடு. உட்கூரையில் காரையில் வடித்த பூவும் கொடியும் உருவங்களும் கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டில் இது செயின்ட் ஜார்ஜஸ் ஹால் என்ற சினிமாத் தியேட்டரோடு சேர்ந்துகொண்டது. டிக்கெட் வாங்கியவர்கள் இந்த வீட்டுக்குள் நுழைந்துதான் போனார்கள். மேலே பிரபு குடும்பம் சீட்டாடிய அறைகளில் நடனம். 1965-இல் தியேட்டர் மூடியது. யார்க் குடிமை அறக்கட்டளை 1982-இலிருந்து 1984 வரை வேலை பார்த்து மறுபடி ஜார்ஜ் மன்னர் காலத்துக்குத் திருப்பியது.

"அங்க டான்ஸ் ஹாலைக் கழற்றினாங்களே, அதுக்கு ஏன் நீ அழல? ஆன் ஃபேர்ஃபாக்ஸைவிட அங்க ஆடினவங்கதானே ஜாஸ்தி? யார்க்ல பாதிப் பேரோட தாத்தா பாட்டி அங்கதான் சந்திச்சிருப்பாங்க. நீ சொல்ற சாமானிய மக்கள் அவங்கதானே?"

நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கும் பதில் பாதிப் பதில்தான். ஃபேர்ஃபாக்ஸ் ஹவுஸில் கார் செய்த காரை வேலை பெருமளவு அப்படியே மேலே இருந்தது. எடுத்தது அதன் கீழே வந்து உட்கார்ந்த சில பத்தாண்டுகளை. பார்லி ஹாலில் நானூறு ஐந்நூறு வருடத்தை எடுத்துவிட்டு, அங்கே இல்லாமல் போயிருந்ததை ஊகித்துப் புதிதாகச் செய்தார்கள். இருப்பதை வெளியே எடுப்பதும் இல்லாததைச் செய்து வைப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. தவிர, சினிமாவின் முகப்பு பக்கத்திலேயே இன்றும் நிற்கிறது, யாரும் அது நடக்கவே இல்லை என்று பாவனை செய்யவில்லை. மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை; அந்தக் காரைப் பூக்கள் அழகாக இருக்கின்றன, பிளம்பரின் கடை அழகாக இருந்திருக்காது, அவ்வளவுதானோ என்று ஒரு சந்தேகமும் இருக்கிறது.

பார்லி ஹாலைப் பொறுத்தவரை இப்போது என் கோரிக்கை சுருங்கிவிட்டது. சட்டகத்தைப் பிரித்துப் பூட்டியதை ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அது இன்று இருந்திருக்காது என்று இவர் சொல்வதை நம்புகிறேன். கூடத்தைத் திறந்ததும் போகட்டும். ஒரே ஒரு அறையை, மாடியில் ஏதாவது ஒரு மூலை அறையை, கண்டெடுத்த நிலையிலேயே விட்டிருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டுத் தடுப்பு, அதன்மேல் விக்டோரியா காலச் சுவர்த்தாள், அதன்மேல் பிளம்பர் அடித்த அலமாரிப் பலகை, கீழே விலைப்பட்டியல் ஒட்டிய பசைத் தடம், எல்லாமாக. மேயரின் மேசையில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கேயும் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

போன வாரம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தார். "அந்த ஒரு அறையோட தரை தாங்குமான்னு முதல்ல பார்க்கணும்" என்றார்.